புழல் ஏரிக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ராயபுரத்திலிருந்து புழல் அப்படியொன்றும் நெடுந்தூரமில்லை. பிராட்வேயில் செங்குன்றம் செல்லும் பேருந்தில் ஏறி அமர்ந்தால், லாரிகளின் ஆதிக்கம் தொடங்காத ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், ஒரு மணி நேரத்துக்குள் ஏரிக்கரையில் இறங்கிவிடலாம். ஆயினும் அந்தச் சிறு பிரயாணத்தை மேற்கொள்ள எனக்குப் பன்னிரண்டு வருஷங்கள் ஆயின. அங்கே என் பால்ய நண்பர் குடியிருக்கிறார். வருஷந்தோறும் தவறாமல் அழைப்பார். நானும் தவறாமல் ஏதேனும் ஒரு காரணம் சொல்லித் தட்டிக் கழிப்பேன். உண்மையான காரணம் எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்தது. கடந்த கார்த்திகை மாதத்து ஞாயிறொன்றில், மழை சற்றே ஓய்ந்திருந்த வேளையில், ஒருவாறு மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

நாங்கள் இருவரும் ராபின்சன் பூங்காவுக்கு அருகிலுள்ள ஒரே தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள். கால்பந்து எங்கள் இருவருக்கும் பைத்தியம் என்றே சொல்ல வேண்டும். அவர் ஆடுபவர், நான் பார்ப்பவன். அவர் பந்தை வாங்கிக்கொண்டு இடப்புற ஓரமாக ஓடத் தொடங்கினால், கோட்டுக்கு வெளியே நானும் அவருடன் ஓடுவேன். அவர் கட் அடித்து உள்ளே திரும்பும்போது என் உடம்பும் தானாகவே திரும்பும். ரசிகன் என்பவன் யார் என்று கேட்டால், இன்றும் எனக்கு அந்த ஓட்டந்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

மின்டைக் கடந்து, பேசின் பிரிட்ஜில் ஏறி இறங்கி, வண்டி வியாசர்பாடிக்குள் நுழைந்தபோது பொழுது நன்றாகப் புலர்ந்துவிட்டது. தமிழ்நாட்டில் கால்பந்தின் மீது அபிமானம் கொண்ட எவனும் இந்த ஊரைக் கடக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பாமலிருக்க மாட்டான். ‘குட்டி பிரேசில்’ என்று பத்திரிகைகள் இதற்குச் சூட்டிய பெயர் வெறும் அலங்காரமன்று. முல்லை நகர் மைதானத்தில் தங்கராஜ், உமாபதி என்னும் இருவர் ஏழைப் பிள்ளைகளைத் திரட்டி, மாலையில் பந்தாட்டமும் அதன் பின் பாடமுமாகப் பல்லாண்டு காலம் நடத்திவரும் தொண்டு, இரண்டு அறைகளும் ஒரு தெருக்குழாயும் மட்டுமே சொத்தாக உள்ள குடும்பங்களிலிருந்து இந்திய அளவில் பெயர்பெற்ற ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. 2023 ஆகஸ்ட் 12ஆம் தேதி, கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில், டூராண்ட் கோப்பைப் போட்டியில், தொடர்ந்து எட்டு முறை மோகன் பாகனிடம் தோற்று மனம் வெதும்பிக் கிடந்த ஈஸ்ட் பெங்கால் அணிக்கு அன்றைய ஒரே கோலைப் போட்டு வெற்றி தேடித் தந்த நந்தகுமார் சேகர் இவ்வூர்ப் பிள்ளை. ஆட்டோ ஓட்டும் தகப்பனாரின் மகன்.

தனபால் கணேஷும் இவ்வூர்க்காரர்தான். அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2018 மார்ச் 13ஆம் தேதி இரவு, நேரு ஸ்டேடியத்தில், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில், சென்னையின் எஃப்.சி. அணி கோவாவை 3-0 என வென்றது. அணித்தோழர் ஜேஜே முதல் கோலைப் போட்ட மூன்றாவது நிமிஷத்திலேயே, கூட்டம் இன்னும் அந்த ஆரவாரத்திலிருந்து மீளாத வேளையில், கணேஷ் எழும்பித் தலையால் முட்டி இரண்டாவதைப் போட்டார். பேசின் பிரிட்ஜுக்கு இந்தப்பக்கத்துப் பிள்ளை ஒருவன், பேசின் பிரிட்ஜுக்கு அந்தப்பக்கத்து ஸ்டேடியத்தில், சென்னையின் பெயரைத் தாங்கிய அணிக்காகப் போட்ட கோல் அது. அன்று என்னருகே அமர்ந்திருந்த முன்பின் அறியாத ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார், நானும் விட்டேன். நான்காம் நாள் பெங்களூரில் 3-2 என்று வென்று கோப்பையும் வந்துவிட்டது. அடுத்த பருவம் தொடங்குமுன்னே கணேஷின் முழங்காலில் காயம். அந்தப் பருவம் முழுவதையும் அது விழுங்கிவிட்டது. முந்திய ஆண்டின் சாம்பியனான அணி, 18 ஆட்டங்களில் வெறும் 9 புள்ளிகள் பெற்றுப் பட்டியலின் அடியில் போய் விழுந்தது. வாராவாரம் அந்தத் தோல்விகளைப் பார்க்கச் சென்ற எங்களில் எத்தனை பேர், ஆட்டம் நடக்கும் அவ்வேளையில் எங்கோ ஒரு சிகிச்சை அறையில் காலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையை ஒரு கணமேனும் நினைத்தோம்? நான் நினைக்கவில்லை என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ‘மிட்ஃபீல்டில் ஆளே இல்லை’ என்று திட்டிக்கொண்டு வீடு திரும்பியது மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது.

எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை வழியே மூலக்கடை, அப்பால் மாதவரம் ரவுண்டானா. இந்தச் சாலைக்குக் காகிதத்தில் மகா வடபெருஞ்சாலை என்று பெயர். இதில் போகிறவர்களுக்கு ஜி.என்.டி. ரோடு. நெல்லூரும் விஜயவாடாவும் கல்கத்தாவும் இதன் மறுகோடியில் இருக்கின்றன. சைக்கிள் ஷாப், கேம்ப், காவாங்கரை என்று நடத்துநர் ஒவ்வொரு நிறுத்தமாகக் கூவிக்கொண்டு வந்தார். தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்களாகப் பகுத்திருந்த அந்நாளில் ஒரு கோட்டத்துக்குத் தன் பெயரையே அளித்த ஊர் புழல். குறும்பர்களுடைய கோட்டை இங்கிருந்ததென்றும், ஆதொண்டைச் சக்கரவர்த்தி அதை வென்றானென்றும் கர்ணபரம்பரையாகச் சொல்வார்கள். புராதனமான ஆதிநாதர் ஜினாலயம் ஒன்றும் இருக்கிறது. இன்றைய ஜனங்களுக்கோ புழல் என்றால் இரண்டே நினைவுகள்: 2006இல் திறக்கப்பட்ட மத்திய சிறை, மற்றொன்று ஏரி. யுத்தத்துக்குத் தப்பிவந்த ஈழத்தமிழர்கள் வாழும் முகாம் ஒன்றும் இங்குண்டு என்பதை நினைவில் வைத்திருப்போர் குறைவு.

ஏரியை நான் அத்தனை நிறைவாக எதிர்பார்க்கவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில், 1876இல், பட்டணத்தின் தாகம் தீர்க்கக் கட்டப்பட்ட அந்த ஏரி, இன்று 3,300 மில்லியன் கன அடி கொள்ளும். எனக்கு முதுகுப்புறமிருந்து எழுந்த சூரியன், கரைமேல் ஏறி நின்ற என் நிழலை நீளமாகத் தண்ணீரின்மேல் கிடத்தியிருந்தது. ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் குழாயில் அரைமணி நேரம் வரும் தண்ணீருக்கு இவ்வளவு பெரிய வீடா என்று சிறு பிள்ளைபோல் வியந்து நின்றேன்.

கரைக்கு இப்பால், தாழ்வான பகுதியில் ஒரு பொட்டல், அதுவே மைதானம். ஒருபுறம் இரும்புக் கோல்போஸ்ட். மறுபுறம் இரண்டு சவுக்குக் கழிகளை நட்டு மேலே கயிறு கட்டியிருந்தார்கள். முப்பது பிள்ளைகள் இருக்கும். சிலர் காலில் பூட்ஸ், சிலர் காலில் கேன்வாஸ், இரண்டு பேர் வெறுங்கால். நடுவே, செங்குன்றத்து அரிசி மண்டியொன்றில் ஆறு நாள் கணக்கெழுதிவிட்டு ஏழாம் நாள் இங்கு வந்து நிற்கும் என் நண்பர்.

“இன்னாடா, வழி தெரிஞ்சுதா?” என்றார், நேற்றுப் பார்த்துப் பிரிந்தவர்போல.

“தெரிஞ்சுதுடா” என்பதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை.

ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் அமர்ந்த விதத்தைக் கவனித்தேன். இடது காலை விறைப்பாக முன்னே நீட்டி, நாற்காலியின் கைப்பிடியைப் பற்றி, உடம்பின் பாரம் முழுவதையும் வலது காலில் வாங்கிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக இறங்கினார். அமர்ந்த பிறகு, இடது முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்து மடக்கினார். உள்ளே, ஈர மணலில் செருப்பு உராய்வதுபோல ஒரு சத்தம் கேட்டது. அவருக்கு 46 வயதுதான்.

அந்த முழங்காலின் கதைதான் நான் பன்னிரண்டு வருஷமாக இவ்வூருக்கு வராததன் கதை. 2001ஆம் வருஷம், ஐப்பசி மழையில் ஊறிய பெரம்பூர்ப் பக்கத்து மைதானமொன்றில், எதிரி எவனும் தொடாமலே அது நடந்தது. பந்துடன் ஓடியவர் உள்ளே கட் அடிக்கத் திரும்பினார். ஸ்டட்ஸ் சேற்றில் பதிந்து நின்றது. உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. முருங்கைக்காயை ஒடிப்பதுபோன்ற சத்தம், கோட்டுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. மறுநாள் அவருடைய தாய்மாமன் அவரைப் புத்தூருக்கு அழைத்துச் சென்றார். நானும் உடன் போனேன். கை கால் முறிந்தால் வடசென்னைக் குடும்பங்கள் அக்காலத்தில் முதலில் நினைப்பது ஆந்திர எல்லைக்கு அப்பாலுள்ள அந்த ஊரைத்தான். பச்சிலையும் முட்டை வெண்கருவும் மூங்கில் பத்தையும் கொண்டு கட்டும் அந்தக் கட்டினால் நேரான எலும்புகள் எங்கள் தெருவிலேயே அநேகம். காலைத் தடவிப் பார்த்த வைத்தியர், எலும்பில் முறிவில்லை என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அறியாமை எங்களுடையது. எலும்பு முறியவில்லை என்றால் ஒன்றுமே இல்லை என்று நாங்கள் அர்த்தம் செய்துகொண்டு, திரும்பும் வழியில் ஊத்துக்கோட்டையில் மாமன் எல்லாருக்கும் பரோட்டா வாங்கிக்கொடுத்துச் சந்தோஷமாக வந்தோம்.

முழங்காலுக்குள் அறுந்துபோனது என்ன என்பதைப் பிற்காலத்தில்தான் தெரிந்துகொண்டேன். தொடையெலும்பும் கீழ்க்காலெலும்பும் சந்திக்கும் அவ்விடத்தின் நடுவே இரண்டு தசைநார்கள், பெருக்கல் குறிபோல, ஒன்றையொன்று குறுக்கே வெட்டி நிற்கின்றன. அவற்றுள் முன்னது, கீழ்க்கால் முன்னோக்கி நழுவாமலும் அளவுக்கு மீறி முறுகாமலும் இழுத்துப் பிடித்திருப்பது. ஆட்டக்காரர்கள் இன்று அதை ஏ.சி.எல். என்றும், பொதுவாக லிகமென்ட் என்றும் சொல்லுவார்கள். ஓடி வந்து சட்டென்று திரும்பும் கணத்திலோ, எம்பிக் குதித்து ஒற்றைக்காலில் இறங்கும் கணத்திலோ, பிறர் மோதாமலே அது அறுவதுண்டு. எலும்பு தானாகக் கூடும். முற்றிலும் அறுந்த இந்த நார் பெரும்பாலும் தானாகச் சேர்வதில்லை. சில நாளில் வீக்கம் வடிந்துவிடும், சில வாரங்களில் நடையும் சரியாகிவிடும். ஆகையால் குணமாகிவிட்டதென்று எவரும் ஏமாந்துபோவர். மறுபடி ஆட வேண்டுமானால், தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்காற்சில்லின் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, அறுந்ததன் ஸ்தானத்தில் வைத்துக் கட்டுவதே இன்றைய வழக்கமான சிகிச்சை. அதற்கப்புறம் ஒன்பது மாதமாவது பொறுத்திருக்க வேண்டும். அதற்குமுன் ஆட்டத்துக்குத் திரும்பியவர்களுக்கு மீண்டும் காயம் நேரும் அபாயம் மிகுதி என்பது பரிசோதித்து அறிந்த விஷயம்.

எங்களுக்கு அப்போது இவற்றில் எதுவும் தெரியாது. ஆறு வாரம் கழிந்தது. ஓர் உத்தியோக அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வாட்டம் வந்தது. உத்தியோக அணி என்றால் என்னவென்று இக்காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்குவது கடினம். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி போன்ற ஸ்தாபனங்கள், பந்தாடத் தெரிந்தவனுக்கு மேஜையும் நாற்காலியும் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுத்து வந்தன. கால் போனாலும் வேலை போகாது என்ற அந்த ஒரு நிச்சயம் எத்தனை குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை வடசென்னை அறியும். என் நண்பர் தேர்வில் வென்றிருந்தால் அவர் வீட்டின் தலைமுறைக் கஷ்டம் அத்துடன் தீர்ந்திருக்கும். எனினும் அவர் தயங்கினார். “படிக்கட்டு இறங்கும்போது முட்டி நழுவுதுடா” என்றார்.

அப்போதுதான் நான் ஜர்னைல் சிங் கதையைச் சொன்னேன்.

1962ஆம் ஆண்டு, ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் தலை பிளந்து தையல் போடப்பட்ட ஜர்னைல் சிங், தடுப்பாட்டக்காரராக நின்று தலையால் பந்தை முட்ட இயலாதென்று, பயிற்சியாளர் ரஹீமின் யோசனைப்படி முன்வரிசைக்கு மாற்றப்பட்டு, கட்டிய தலையுடனே அரையிறுதியிலும் கோல் போட்டார். செப்டம்பர் 4ஆம் தேதி தென்கொரியாவை 2-1 என வென்ற இறுதியாட்டத்திலும் கோல் போட்டார். அன்று கோல் காத்தவர் நம் பீட்டர் தங்கராஜ். இந்தியக் கால்பந்தின் சரித்திரத்தில் அதற்கு இணையான நாள் இல்லை. எங்கள் தெருவில் அந்தக் கதையைக் கேளாமல் வளர்ந்த பிள்ளையும் இல்லை. “தலை பிளந்தவன் ஆடினான், உனக்கு முட்டி வலிக்குதா?” என்று கேட்டேன். 22 வயது வாலிபனுக்கு அதைவிடக் கூரிய வார்த்தை வேண்டுமா? போய் ஆடினார். முதல் பாதி முடியுமுன், உயர வந்த பந்துக்கு எம்பி இடது காலில் இறங்கினார். அப்படியே மடிந்து விழுந்தார். இரண்டாம் முறை அறுந்ததில் நாரோடு, எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பும் கிழிந்துபோயிற்று. அதன் பின் அவர் எந்த அணிக்கும் ஆடவில்லை.

அடுத்த வருஷம் ஜூன் 30ஆம் தேதி, உலகக் கோப்பையின் இறுதியாட்டம் ஜப்பானில் நடந்தது. நம் கடிகாரத்தில் மாலை நாலரை மணி. எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் டி.வி.யைத் தூக்கி வெளியே வைத்திருந்தார்கள். என் நண்பர் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். இத்தாலியில் ஆடிக்கொண்டிருந்த பிரேசில்காரர் ரொனால்டோ, 1999 நவம்பரில் முழங்கால் நார் காயமுற்று, சிகிச்சைக்குப் பின் 2000 ஏப்ரலில் களமிறங்கிய சில நிமிஷங்களிலேயே, யாரும் தொடாமல் அதே காலில் விழுந்து அலறிய காட்சியைப் பத்திரிகைப் படத்தில் பார்த்திருந்தோம். இனி அவர் நடந்தாலே போதும் என்றுதான் சொன்னார்கள். அந்த மனிதர் அன்று ஜெர்மனிக்கு எதிராக 67ஆம் நிமிஷத்தில் ஒன்று, 79ஆம் நிமிஷத்தில் ஒன்று என இரண்டு கோல் போட்டார். அந்தப் போட்டித் தொடரில் அவருக்கு மொத்தம் எட்டு. தெரு முழுதும் பட்டாசு வெடித்தது. என் நண்பர் எழுந்திருக்க முயன்று, இயலாமல், படுத்தபடியே இரண்டு கைகளையும் உயர்த்தித் தட்டினார். அவர் முகத்தில் பொறாமையின் சாயல்கூட இல்லை. நான் அங்கிருந்து எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டேன். அன்று முதல் அவருடைய முழங்காலை நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வாடகை கட்டுப்படியாகாமல் அவர் புழலுக்குக் குடிபெயர்ந்தபோது, என் உள்ளத்தின் ஒரு மூலையில் நிம்மதி தோன்றியதையும் மறைப்பதற்கில்லை.

ஜர்னைல் சிங்கின் வீரத்தில் எனக்கு இன்றும் எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் அந்தக் கதையை நாங்கள் சொன்ன முறை பிசகு. தலையில் தையல் போட்டவரைத் தடுப்பு வரிசையிலிருந்து விலக்கி முன்னே நிறுத்திய ரஹீமின் முன்யோசனையை நாங்கள் ஒருபோதும் சொன்னதில்லை. வலியைப் பொருட்படுத்தாமல் ஆடினான் என்பதை மட்டுமே சொன்னோம். வலி என்பது உடம்பு அனுப்பும் செய்தி. அதைக் கேட்காதவனே சூரன் என்று ரசிகர்களாகிய நாங்கள் ஒரு தர்மசாஸ்திரமே எழுதிவைத்திருந்தோம்.

இதற்கு விலை கொடுத்தவர்கள் சாமானியர்கள் மாத்திரமல்லர். 1992இல் கோயம்புத்தூரில் நடந்த சந்தோஷ் கோப்பை இறுதியில் கேரளத்துக்கும், 1995இல் நம் சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணிக்கும் தலைவராயிருந்த வி.பி. சத்யன், சென்னையில் வங்கி அணிக்கு ஆடி நம்மிடையே வாழ்ந்தவர். இளமையில் காலில் ஏற்பட்ட காயத்தின் நோவு அவரை விட்டு நீங்கவேயில்லை. 2006 ஜூலையில், 41ஆம் வயதில், மனச்சோர்வின் பாரம் தாங்காமல் இந்நகரிலேயே மறைந்தார். அவர் ஆடும்போது கைதட்டிய கைகள் சென்னையில் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஆடுவதை நிறுத்திய பிறகு அவர் வீட்டுக் கதவைத் தட்டியவை எத்தனை?

மைதானத்துக்குத் திரும்புகிறேன். பிள்ளைகள் பந்தைத் தொடுவதற்கு முன் இருபது நிமிஷம் ஓர் அப்பியாசம் செய்தார்கள். மெதுவாக ஓடினார்கள், ஒற்றைக்காலில் நின்றார்கள், குதித்து, முழங்கால் உட்புறம் சாயாதபடி, பூனைபோல் ஓசையின்றி இறங்கினார்கள். உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா 2006இல் வகுத்தளித்த ‘லெவன் ப்ளஸ்’ என்னும் முறை அது. மூன்று பகுதிகளில் 15 பயிற்சிகள். வாரம் இருமுறையாவது விடாமல் செய்யும் அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக ஆராய்ச்சிகள் சொல்கின்றன. இதற்கு ஒரு காசும் செலவில்லை. தம்முடைய மருமகனின் போனில் படம் பார்த்துக் கற்றுக்கொண்டதாக நண்பர் சொன்னார். “நம்ம காலத்துல ரெண்டு ரவுண்டு ஓடுவோம், ஒரு டீ குடிப்போம், எறங்கிடுவோம்; ஞாபகம் இருக்கா?” என்றார்.

பிறகு ஆட்டம் தொடங்கிற்று. பக்கத்துப் பேட்டையிலிருந்து வந்த அணிக்கும் இவர்களுக்கும், ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டம். முகாமிலிருந்து வரும் பையன் ஒருவன் இடப்புறத்தில் ஆடினான், பதினைந்து வயதிருக்கும், வெறுங்கால். அவன் பந்தை வாங்கிக்கொண்டு ஓரமாக ஓடத் தொடங்கியதும் எனக்கு நெஞ்சு படபடத்தது. என் கால்கள் என்னைக் கேளாமலே கோட்டுக்கு வெளியே அவனோடு நாலடி ஓடின. இருபத்து நாலு வருஷங்களுக்குப் பின் அந்த ஓட்டம் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

இரண்டாம் பாதியில், கோல் ஏதும் விழாத நிலையில், அந்தப் பையன் ஈரத்தில் சறுக்கி, கால் முறுகி விழுந்தான். கரைமேல் நின்ற கூட்டத்திலிருந்து, “எந்திரிடா! எந்திரிடா!” என்று கூக்குரல். அவனும் எழ முயன்றான். என் நண்பர் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்திவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து நடந்தார். அவரால் ஓட இயலாது. மைதானத்தின் நடுவரை அந்த இடது காலை இழுத்து இழுத்து அவர் நடந்து சேர்வதற்குள் கூட்டம் பொறுமையிழந்தது. அவர் அவசரப்படவில்லை. பையன் பக்கத்தில், தம் காலை நீட்டியபடியே தரையில் அமர்ந்து, அவன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார். எங்கே சத்தம் கேட்டது, கால் நழுவுகிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்.

“ஒண்ணுமில்லண்ணா, ஆடுறேண்ணா.”

“ஆடுவடா. இன்னிக்கு இல்ல.”

இரண்டு பிள்ளைகள் அவனைத் தூக்கிவந்து நாற்காலியில் அமர்த்தினார்கள். நண்பர் தம் பையைத் திறந்தார்: க்ரேப் பேண்டேஜ் இரண்டு சுருள், ஒரு கத்தரி, ஒரு பழைய துண்டு. ஐஸ்கட்டி இல்லை, கேன்வாஸ் போட்ட பையனொருவன் சாலைக்கு ஓடி, மீன் விற்பவரிடம் ஒரு பாலித்தீன் பையில் வாங்கிவந்தான். அதைத் துண்டில் சுற்றிக் கணுக்காலின்மேல் வைத்து, காலை மற்றொரு நாற்காலியின்மேல் உயர்த்தி, பாதத்திலிருந்து மேல்நோக்கி, சுற்றுக்குச் சுற்று பாதி மேலேறும்படி, இறுக்கமும் தளர்வுமில்லாத பதத்தில் கட்டினார். கட்டி முடித்ததும் கால் கட்டைவிரல் நகத்தை அழுத்தி, ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தார். நல்ல வேளையாகக் கணுக்கால்தான், முழங்காலுக்கு ஒன்றுமில்லை. ஆறு பேராக ஆடிய இவருடைய அணி, கடைசி நிமிஷத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றது. கூட்டத்தில் சிலர் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

வெயில் ஏறியபின் நாங்கள் இருவரும் கரைமேல் உட்கார்ந்தோம். இட்டிலியும் வடகறியும் வாங்கிவந்திருந்தார். பேச்சு சென்னையின் எஃப்.சி.யின் பக்கம் திரும்பியது. 2015இல் பட்டியலின் அடியில் கிடந்த அணி, டிசம்பர் வெள்ளத்தில் ஊரே மூழ்கியதால் தன் சொந்த அரையிறுதியைப் புனேயில் போய் ஆடி, கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் 90ஆம் நிமிஷம்வரை 2-1 என்று பின்தங்கியிருந்து, கடைசியில் மெண்டோசாவின் கோலால் 3-2 என வென்றதை இருவரும் மாறி மாறிச் சொல்லி மகிழ்ந்தோம். 2020இல் கொரோனா பயத்தால் ஆளில்லாத ஸ்டேடியத்தில் நடந்த இறுதியில் தோற்றதைச் சொல்லி வருந்தினோம். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். பருவமே நிறுத்திவைக்கப்பட்ட செய்தி வந்தபோது, அவருடைய பிள்ளைகள் மூன்று நாள் சரியாக ஆடவில்லையாம். மேஜையும் நாற்காலியும் கொடுத்த உத்தியோக அணிகள் அருகிப்போய், ஒப்பந்தக் காகிதத்தை நம்பி ஆடும் காலம் வந்திருக்கிறது. அந்தக் காகிதமும் நிச்சயமில்லையென்றால், முழங்கால் அறுந்த பையனுக்குச் சிகிச்சைச் செலவை யார் கொடுப்பார்கள் என்று கேட்டார். என்னிடம் பதிலில்லை.

கடைசியில் நான் சொல்லிவிட்டேன். “அன்னிக்கு நான் ஜர்னைல் சிங் கதையைச் சொல்லாம இருந்திருந்தா…”

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீ சொல்லலைன்னாலும் போயிருப்பேன்டா. எனக்கும் ஆடணும்னு வெறி. ஆனா ஒண்ணு சொல்றேன், ஒருத்தனாவது ‘வேணாண்டா’ன்னு சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்.” சற்றுப் பொறுத்து, “அதான் இங்க வந்து ஒக்காந்துக்கினு இருக்கேன்” என்றார்.

திரும்பும்போது காவாங்கரை நிறுத்தம்வரை கூடவே நடந்துவந்தார். கணுக்கால் கட்டிய பையன் ஒரு சைக்கிளின் பின்னால் அமர்ந்து எங்களைக் கடந்து போனான். என்னைப் பார்த்துக் கையசைத்தான். அவன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவன் ஆடும்போது ஓரத்தில் ஓட அடுத்த ஞாயிறும் போனேன், அதற்கடுத்த ஞாயிறும் போனேன். மூன்றாம் வாரம் அவன் ஆடினான்.

இதைப் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பேட்டையிலும் ஞாயிறு காலையில் ஏதோ ஒரு பொட்டலில் பிள்ளைகள் பந்தாடிக்கொண்டிருப்பார்கள். வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் ஒரு பையில் ஐஸ்கட்டியும் ஒரு சுருள் பேண்டேஜும் எடுத்துச் செல்லுங்கள். விழுந்த பிள்ளையை எழுந்திரு என்று கூவாதீர்கள். புழல் பக்கம் வர முடிந்தவர்கள் காலை ஆறரைக்கு முன்னே வந்துவிடுங்கள். மீன் விற்பவர் எல்லா ஞாயிறும் அவ்வழியே வருவதில்லை.